பாறைக்கு முதுகு கொடுத்த நான்கு பெட்டிகள்

அண்ணா,

இன்று காலை கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் ஒரு பழக்கடையைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது. வாழைத்தார் ஒன்று தோல் கறுக்கக் கனிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் துப்பட்டாவை இழுத்துத் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு அங்கேயே குந்திவிட்டேன். கடைக்கார அம்மா எழுந்து வந்து, மயக்கமா என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தார். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மலைத்தேனீ கொட்டிய இடத்தில் கனிந்த வாழைப்பழ வாசனை வரும் என்பது முன்பு எனக்குத் தெரியாது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற தேனீக்கள் அதே இடத்துக்கு வந்து கொட்டும் என்பதும் தெரியாது. இரண்டையும் பிறகுதான் படித்தேன். எதையும் படித்துத் தெரிந்துகொள்கிறவள் நான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். இதைக் கொஞ்சம் முன்னாலேயே படித்திருக்கலாம்.

நீ போய் ஒரு வருஷம் கடந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கச்சிராயபாளையத்தில் நம் கடை வெறும் மைக்செட் கடையாக இருந்தவரை நான் அதற்குத் தேவைப்படவில்லை. கூம்பு ஸ்பீக்கரை மரத்தில் கட்டி, ஆம்ப்ளிஃபயரைத் திருகினால் முடிந்தது. நான் ஓசூர் கம்பெனி வேலையை விட்டு வீட்டோடு வந்திருந்த சமயத்தில்தான் நீ நான்கு சப்வூஃபர் பெட்டிகளையும் அவற்றுக்கான கண்ட்ரோலரையும் வாங்கி வந்தாய். ஒவ்வொரு பெட்டியும் நம் வீட்டு மாவு மிஷின் அளவுக்கு இருந்தது. நான்கு பேர் பிடித்து இறக்கினீர்கள். பெட்டியோடு வந்த புத்தகத்தை என் மடியில் போட்டு, "எலக்ட்ரானிக்ஸ் படிச்ச இல்ல, இது இன்னான்னு பாரு" என்றாய்.

இரண்டு நாள் கடைத் தரையில் உட்கார்ந்து படித்தேன். கண்ட்ரோலரின் வேலை சிக்கலானதல்ல. வருகிற பாட்டைப் பிரித்து மெல்லிய சத்தங்களை மேல் பெட்டிகளுக்கும் கனத்த அடிச்சத்தத்தைச் சப்வூஃபர்களுக்கும் அனுப்புகிறது. எந்த இடத்தில் பிரிப்பது, எதற்குக் கீழே வெட்டி எறிவது, எவ்வளவுக்கு மேல் போகாமல் பிடித்துக்கொள்வது எல்லாம் அதற்குள் எண்களாக இருக்கும். அந்த எண்களை நான்தான் போட்டேன். நான் காட்டிக்கொடுத்தும் நீ கற்றுக்கொள்ள மறுத்துவிட்டாய். "நீ இருக்கும்போது எனக்கு எதுக்கு அது?" என்று சொல்லிவிட்டு, பெட்டிகளை ஏற்றுவதும் அடுக்குவதும் ஒயர் இழுப்பதும் உன் வேலை என்று பிரித்துக்கொண்டாய்.

முதல் முறை கடை வாசலில் போட்டுப் பார்த்தது நினைவிருக்கிறதா? பாட்டுக்கூட இல்லை, வெறும் சோதனைச் சத்தம். காதுக்கு அனேகமாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் எதிர் டீக்கடை மேசையில் கண்ணாடித் தம்ளர்கள் தானாக நகர்ந்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. தெருவில் படுத்திருந்த நாய்கள் எழுந்து, குரைக்காமல், வரிசையாக அணைக்கட்டுப் பக்கம் நடந்து போயின. நீ நெஞ்சில் கைவைத்துப் பார்த்துச் சிரித்தாய். "ஜனம் சத்தத்தக் கேக்க வரல பாப்பா, அடி வாங்க வருது" என்றாய். அப்புறம் எல்லா ஊரிலும் அதையே சொன்னாய். எனக்கு மட்டும் அந்த நாய்கள் குரைக்காமல் போனது என்னவோ செய்தது. உன்னிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில் அதுதான் முதல் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த பங்குனியில் மலைமேல் அம்மன் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். குட்டியானை வண்டியில் பெட்டிகளைக் கட்டி நீ ஓட்ட, கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். வளைவு வளைவாக ஏறும்போது நீ பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். பெரியவள் எட்டாவதில் கணக்கில் தடுமாறுகிறாள், நீதான் சொல்லிக்கொடுக்கணும் என்றாய்.

கோயில் திடலுக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு பாறை நின்றது. அதன் நெற்றி முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. அதன் அடியில், பனைமர உயரத்தில், கறுப்பு முறங்களைக் குத்திட்டு நிறுத்தியதுபோல் தேன் அடைகள் தொங்கின. எண்ணினேன், பதினொன்று. நீயும் அண்ணாந்து பார்த்தாய். கூட நின்ற ஊர்த்தலைவர், அவை வருஷா வருஷம் அங்கேதான் கட்டுகின்றன, இதுவரை யாரையும் ஒன்றும் செய்ததில்லை என்றார். நீ உன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாய்.

மேடைக்கு இருபுறமும் இரண்டிரண்டாகப் பெட்டிகளை வைக்கப் போன உன்னை நான்தான் தடுத்தேன். பின்னால் சுவரோ பாறையோ இருந்தால் அடிச்சத்தம் அதில் பட்டுத் திரும்பி இன்னும் கனமாக வரும் என்று படித்திருந்தேன்.

"நாலையும் ஒண்ணா பாறைய ஒட்டி வைண்ணா. முதுக பாறைக்குக் குடுத்தா நாலு பொட்டி எட்டு பொட்டி மாதிரி அடிக்கும்" என்றேன்.

நீ சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "படிச்ச பொண்ணு சொல்லுது, தூக்குங்கப்பா" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. நானே பக்கத்தில் நின்று, பெட்டிகளின் முதுகு பாறையில் படுகிற அளவுக்குத் தள்ளச் சொன்னேன்.

என் மேசை திடலின் மறுகோடியில், நம் வண்டிக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் கொஞ்சம் சரவெடி வெடித்தார்கள், பொங்கல் வைத்தார்கள், சாம்பிராணி போட்டார்கள். அப்போதெல்லாம் பாறை சும்மா இருந்தது. பத்து மணிக்கு மேல் பாட்டுப் போட்டோம். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக அடித்தது. தரை வழியாக வந்து மேசைக் காலில் ஏறி என் முழங்கையைத் தொட்டது.

பதினொரு மணி இருக்கும். ஒருவர் மேசைக்கு வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம், கையெல்லாம் பழைய தழும்பு. அந்தப் பாறையில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுக்கிறவர் அவர். கொஞ்ச நேரம் கண்ட்ரோலரின் விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ம்மா, அந்தப் பெரிய பொட்டிய நிறுத்திடு" என்றார்.

எதற்கு என்று கேட்டேன்.

"மேல பாரு. தேனட நடுங்குது."

பார்த்தேன். பாட்டில் ஒவ்வொரு அடி விழும்போதும் அடைகளின்மேல் ஒரு பளபளப்பு ஓடியது. கறுப்புத் துணியை உதறினால் ஓடும் அலைபோல, மேலிருந்து கீழே. அடி விழ, அலை ஓட. அண்ணா, நான் பயப்படவில்லை. எனக்கு அது அழகாக இருந்தது. சப்வூஃபர் அளவைக் குறைத்துப் பார்த்தேன், அலை நின்றது. ஏற்றினேன், ஓடியது. மூன்று முறை அப்படிச் செய்து பார்த்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அடிச்சத்தத்தின் ஆகக் கீழான பகுதியைக் கண்ட்ரோலரில் வெட்டினேன். மொத்த அளவையும் இறக்கினேன். அலை அனேகமாக அடங்கியது. சரிசெய்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.

"கொறைச்சா போதாதும்மா. நிறுத்தணும். ஒருக்கா கலஞ்சா அதுக்கு ஆள் அடையாளம் கெடையாது" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு நிறுத்தாமல் இருந்தேன். அவர் திரும்பிப் போனார். சற்று நேரம் கழித்துப் பார்த்தால், மனைவியையும் மரத்தில் கட்டியிருந்த இரண்டு ஆடுகளையும் கூட்டிக்கொண்டு, திடலைவிட்டுக் கீழ்க்காட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்தார். திருவிழா நடக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு வெளியே போகிறார். அதைப் பார்த்த பிறகும் நான் உன்னிடம் வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம் தொடங்கியது. இளவட்டங்கள் பெட்டிகளுக்கு முன்னால் கூடிவிட்டார்கள். இரண்டு மணி வாக்கில் நீ வேர்த்து விறுவிறுத்து வந்தாய்.

"அடி கம்மியா இருக்குதுன்றானுங்க பாப்பா. காலைல இருந்த மாதிரி குடு."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை, 'மேலே பார்' என்று. நீ பார்த்திருப்பாய், பாட்டையே நிறுத்தியிருப்பாய், இளவட்டங்களிடம் நாலு திட்டு வாங்கிக்கொண்டு பெட்டிகளை வண்டியில் ஏற்றியிருப்பாய். நான் சொல்லவில்லை. சொன்னால் பாறையை ஒட்டிப் பெட்டி வைத்தது தப்பு என்று ஆகிவிடும். படித்த பெண் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். இதுதான் காரணம் அண்ணா. வேறு காரணம் தேடி ஒரு வருஷம் அலைந்தேன், கிடைக்கவில்லை.

வெட்டியதைத் திரும்பக் கொடுத்தேன். அளவைக் காலையில் இருந்த இடத்துக்கே ஏற்றினேன். நீ பெட்டிகள் அருகே போய் நின்று, நெஞ்சைத் தட்டிக் காட்டி, கையை உயர்த்தினாய்.

நான் பாறையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அலை மறுபடி ஓடியது. காலையில் பார்த்ததைவிட வேகமாக, ஒன்று முடிவதற்குள் அடுத்தது. நான்கு பாட்டு போயிருக்கும். ஒரு பாட்டு முடிந்து அடுத்ததற்கு நடுவே சத்தம் நின்றது. ஆனால் ஓர் இரைச்சல் மட்டும் நிற்கவில்லை. எர்த் சரியில்லாவிட்டால் ஸ்பீக்கரில் ஒரு முனகல் வருமே, அதுதான் என்று நினைத்தேன். மைக்கை அடைத்தேன். மேல் பெட்டிகளை அடைத்தேன். சப்வூஃபர்களை அடைத்தேன். கண்ட்ரோலரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. இரைச்சல் ஏறிக்கொண்டே போனது.

அண்ணாந்து பார்த்தபோது நடு அடை இருந்த இடத்தில் வெளிறிய மெழுகு மட்டும் தெரிந்தது.

பிறகு நடந்ததை நீ என்னைவிட நன்றாக அறிவாய். திடல் மங்கியது. ஜனங்கள் கத்திக்கொண்டு சிதறினார்கள். ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். நான் நம் வண்டியின் கதவைத் திறந்து உள்ளே ஏறினேன். கண்ணாடியை ஏற்றினேன். இரண்டு பக்கமும் ஏற்றினேன். என் கழுத்தில் நாலைந்து கொட்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த வண்டிக்குள்தான் முதன்முதலாக அந்தக் கனிந்த பழ வாசனை வந்தது.

கண்ணாடி வழியே உன்னைப் பார்த்தேன். பெட்டிகளைப் போர்த்தி எடுத்துவருகிற கனத்த உறைகளை இழுத்து வந்தாய். மேடைக்குக் கீழே மாட்டிக்கொண்ட மூன்று பிள்ளைகளையும் எழுந்து ஓட முடியாத ஒரு கிழவியையும் சேர்த்து உட்காரவைத்து மூடினாய். நான்கு உறை, நான்கு பேர். காற்றில் உறை தூக்கியது. அதன் ஓரங்களைக் காலால் மிதித்து, கையால் அழுத்தி, மேலே குனிந்து கிடந்தாய். உன் முதுகு கறுத்துக்கொண்டே வந்தது. சட்டையின் நிறம் போய்விட்டது. ஒருமுறை நிமிர்ந்து வண்டியைப் பார்த்தாய். நான் உள்ளே இருக்கிறேனா என்று பார்த்தாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். கையை அசைத்து, வெளியே வராதே என்று காட்டினாய். நான் வரவும் இல்லை.

அந்தப் பிள்ளைகள் மூவரும் பிழைத்தார்கள். கிழவியும் பிழைத்தாள். கொட்டு வாங்கிய முப்பது நாற்பது பேரும் ஒரு வாரத்தில் எழுந்து நடந்தார்கள். நீ மட்டும்தான் எழவில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உன் உடம்பிலிருந்து கொடுக்குகளை இடுக்கியால் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். விஷம் சிறுநீரகத்தில் இறங்கிவிட்டது, தங்களால் ஆனதைச் செய்கிறோம் என்று டாக்டர் அண்ணியிடம் சொன்னார். செய்தார்கள். இரண்டாம் நாள் பகலில் உனக்கு நினைவு தெளிந்தது. முகம் வீங்கி, கண் இருக்கும் இடம் ஒரு கோடாக இருந்தது. அண்ணி கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தாள். நான் மட்டும் இருந்தேன்.

"பாப்பா."

"இருக்கேண்ணா."

"நீ மேலயே பாத்துக்கினு இருந்தியே. பாட்டு ஓடும்போதே. இன்னாத்த பாத்த?"

அந்தக் கோடு வழியாக நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கோபம் இல்லை. கேட்டாய், அவ்வளவுதான்.

"ஒண்ணுமில்லண்ணா. தூங்கு" என்றேன்.

நீ தூங்கினாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

காவல் நிலையத்திலிருந்து வந்து விசாரித்தார்கள். சரவெடிப் புகையும் சாம்பிராணியும்தான் காரணம் என்று ஊர்த்தலைவர் சொன்னார். வெடித்தது காலையில், கலைந்தது பிற்பகலில் என்று யாரும் கேட்கவில்லை. தேன் எடுக்கிறவரையும் கூப்பிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலைகுனிந்துகொண்டேன். "பொகதாங்க" என்றார். அடுத்து என்னைக் கேட்டார்கள். நானும் புகைதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அதன்பின் கடை நிற்கவில்லை, அண்ணி நிற்கவிடவில்லை. அவளே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். ரிஷிவந்தியம் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்று வேலை வந்துகொண்டிருந்தது. நான் கண்ட்ரோலரில் எண்களைப் போட்டேன். சப்வூஃபர்களை எடுக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் அண்ணி கேட்பாள். ஸ்பீக்கர் கோன் கிழிந்திருக்கிறது, ஆம்ப் சூடாகிறது என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பேன். அண்ணி நம்பினாள். பழுதே இல்லாத அந்தப் பெட்டிகளை அவள் எத்தனை முறை துடைத்து வைத்தாள் என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பங்குனிக்கு முன்னால் அதே மலையூரிலிருந்து போன் வந்தது. போன வருஷம் வந்த அதே பெட்டிகள் வேண்டும் என்றார்கள். இளவட்டங்கள் பிடிவாதமாக இருக்கிறார்களாம். நான் மறுப்பதற்குள் அண்ணி வருவதாகச் சொல்லிவிட்டாள். "அவர் வுழுந்த எடத்த நான் இன்னும் பாக்கல. ஒருவாட்டி பாக்கணும்" என்றாள். 

திருவிழாவுக்கு முன்னதாக ஒருநாள் இடம் பார்க்கப் போனோம். அண்ணிதான் ஓட்டினாள். திடலில் இறங்கியதும் நான் பாறையைப் பார்த்தேன். திரும்பவும் கட்டியிருந்தன. பதினான்கு அடைகள். பகல் வெயிலில் அசைவே இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

ஊர்த்தலைவர் அண்ணியிடம் நீ கிடந்த இடத்தைக் காட்டினார். நீ மூடிக் காப்பாற்றிய பிள்ளைகளில் ஒருத்தியைக் கூட்டிவந்து கும்பிடச் சொன்னார். அண்ணி அவள் தலையைத் தடவினாள், அழவில்லை. பிறகு அவர் பாறையடியைக் காட்டி, போன வருஷம்போல அங்கேயே பெட்டிகளை அடுக்கிவிடலாம் என்றார். தேன் எடுக்கிறவர் கொஞ்சம் தள்ளி, குந்தி உட்கார்ந்திருந்தார். இந்த முறையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாய் தானாகத் திறந்துகொண்டது அண்ணா. பெட்டி வராது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். தேன் எடுக்கிறவர் வந்து எச்சரித்ததை, நான் மூன்று முறை ஏற்றி இறக்கி வேடிக்கை பார்த்ததை, குறைத்ததை, நீ கேட்டதும் ஒன்றும் சொல்லாமல் திரும்ப ஏற்றியதை. புகை இல்லை, நான்தான் என்றேன். பக்கத்தில் நின்ற அண்ணியை மட்டும் பார்க்கவில்லை.

 தேன் எடுக்கிறவர் எழுந்து வந்தார். அன்றைக்கு ஏன் புகை என்று சொன்னீர்கள் என்று அவரைக் கேட்டேன்.

"அண்ணனப் பறிகுடுத்துட்டு நிக்கிற. உன் மேல இன்னும் ஒண்ண எதுக்கு ஏத்தறதுன்னு வுட்டேன்" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, "தப்பு எம்மேலயும்தான். அந்த ஆளாண்ட நேரா போய்ச் சொல்லாம எம்பொண்டாட்டிய கூட்டிக்கினு போய்ட்டேன்" என்றார்.

அண்ணி ஊர்த்தலைவர் பக்கம் திரும்பினாள். சப்வூஃபர் கிடையாது, இரண்டு கூம்பு ஸ்பீக்கர் மட்டும், அதுவும் பாறைக்கு எதிர்க்கோடியில் என்று முடித்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

இறங்கும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கைகளைப் பார்த்தேன். எங்காவது நிறுத்தி என்னை இறங்கச் சொல்வாள் என்று நினைத்தேன். சொன்னால் இறங்கிவிடலாம் என்றிருந்தேன். கரும்புக் காடுகள் வந்தன, அணைக்கட்டு வந்தது. கடை வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே பிள்ளைகள் பேசுவது கேட்டது. பெரியவள் தம்பிக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி.

"அதுங்க அப்பா எப்டி செத்தாருன்னு கேட்டா நான் இன்னும் பொகன்னுதான் சொல்லிக்கினு இருக்கேன்" என்றாள் அண்ணி. "இனிமே சொல்ல மாட்டேன். வெவரம் தெரிஞ்சு அதுங்களா கேக்கற அன்னைக்கு, நீதான் சொல்லணும்."

இறங்கி உள்ளே போனாள். இரவு எனக்கும் சேர்த்துத்தான் சோறு போட்டாள்.

இதுவரை பெரியவள் கேட்கவில்லை. ஆனால் நேற்று கடையில் கண்ட்ரோலரைப் போட்டு, எந்தத் திருகு எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். உன்னைப்போல இல்லை அண்ணா, கற்றுக்கொள்கிறாள். சப்வூஃபர் அளவில் விரலை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த கேள்வி என்னவாக இருக்குமோ என்று நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.